கழுத்தில் கூடுதல் எலும்பு, விரல்களில் மரமரப்பு: ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியை. வயது 36. எட்டு மாதமாக வலது கையில் தொல்லை. கரும்பலகையில் தொடர்ந்து எழுதினால் பத்து நிமிடத்தில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்பக்கம் முழுக்கச் சுருசுருவென்று இருக்கிறது. மகளுக்குத் தலை பின்னும்போதும் கொடியில் துணி போடும்போதும் கை சோர்ந்து விழுகிறது. சில நேரம் சாக்பீஸ் நழுவுகிறது. முதலில் பார்த்த டாக்டர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காலர் கொடுத்தார், கழுத்தை இழுத்துவிடும் டிராக்‌ஷனும் வைத்தார். டிராக்‌ஷனுக்குப் பிறகு கை இன்னும் மோசமானது. அடுத்தவர் மணிக்கட்டு நரம்பு என்றார். மூன்றாமவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, கழுத்தில் இரண்டு பக்கமும் பிறவியிலேயே ஒரு கூடுதல் விலா எலும்பு இருக்கிறது, இது ‘தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்’, ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார். தலையைத் திருப்ப வைத்துக் கையைப் பிடித்துப் பார்த்தபோது நாடி நின்றுபோனதாகவும் சொன்னார். அந்த எலும்பு கட்டியாக மாறுமா? ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா? என் மகளுக்கும் இது வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த எலும்பு கட்டியாகவோ புற்றுநோயாகவோ மாறாது. ஏழாவது கழுத்தெலும்பிலிருந்து கிளம்பும் அந்தக் கூடுதல் விலா எலும்பு கரு உருவாகும்போதே அமைந்துவிடுவது. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. அவர்களிலும் பெரும்பாலோர் கடைசிவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். உங்கள் கடிதத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. எலும்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, தொல்லை வலது பக்கம் மட்டும்தான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் ஆபரேஷனுக்குப் போக வேண்டியதில்லை. கை எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தின் பக்கவாட்டிலிருந்து ஐந்து வேர்களாகக் கிளம்பி, பின்னிப் பிணைந்து ஒரு வலையாகின்றன. அந்த வலையும் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் கழுத்துப் பக்கத்து இரண்டு ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே, முதல் விலா எலும்பின் மேல் ஏறி இறங்குகின்றன. அடுத்து காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடைப்பட்ட சந்து. கடைசியாக, மார்பின் மேல்புறம் பெக்டோராலிஸ் மைனர் என்ற சிறு தசைக்கு அடியில் நுழைந்து அக்குளுக்கு வருகின்றன. கையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துவரும் சிரை மட்டும் முன்பக்கத்து ஸ்கேலீன் தசைக்கும் முன்னால், காறை எலும்புக்கு ஒட்டினாற்போல் போகிறது. இந்த மூன்று இடங்களில் எங்கே நெருக்கடி ஏற்பட்டாலும் அதற்குத் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்றுதான் பெயர். நெருங்குவது நரம்பா, சிரையா, தமனியா என்பதைப் பொறுத்து அறிகுறியும் அவசரமும் சிகிச்சையும் அடியோடு மாறும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நரம்பு வகைதான்.

நரம்பு வலையின் அடிப்பகுதி முதல் விலா எலும்பின் மேலேயே கிடக்கிறது. கூடுதல் எலும்பு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதன் நுனியிலிருந்து முதல் விலா எலும்பு வரை கயிறாக விறைத்த ஒரு நார்ப்பட்டை ஓடும். எக்ஸ்ரேயில் இது தெரியாது. நரம்பை உண்மையில் நெருக்குவது பல பேருக்கு இந்தப் பட்டைதான். அதனால்தான் எலும்பு நீளமாக இருப்பவர் சுகமாக இருப்பதும், குட்டையாக இருப்பவர் அவதிப்படுவதும் நடக்கிறது. அடிப்பகுதி நரம்புகள்தான் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் முன்கையின் உள்பக்கத்துத் தோலுக்கும் உணர்ச்சி தருகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் இடங்களும் அவையேதான்.

மணிக்கட்டு நரம்பு என்று சொன்னது பொருந்தவில்லை. கார்ப்பல் டனல் என்றால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப்போகும். நடு ராத்திரியில் எழுந்து கையை உதற வைக்கும். முழங்கை முட்டியின் உள்பக்கம் அல்னர் நரம்பு அமுங்கினாலும் சுண்டு விரல் மரக்கும். ஆனால் அந்த மரமரப்பு மணிக்கட்டுக்கு மேலே ஏறாது. ஏனென்றால் முன்கை உள்பக்கத்துத் தோலுக்கு வரும் நரம்பு வேறு. அது வலையிலிருந்து நேராகப் பிரிந்து வருகிறது, முழங்கைச் சந்து வழியாகப் போவதே இல்லை. ஆகவே அடுத்த முறை மரக்கும்போது ஒரு பஞ்சால் தோலைத் தடவிப் பார்த்து, உணர்வு மங்கும் எல்லையைப் பேனாவால் கோடு போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோடு முன்கையின் மேல்வரை போகிறதென்றால் சிக்கல் முழங்கைக்கு மேலேதான். டாக்டருக்கு அந்த ஒரு படம் பல டெஸ்டுகளை விட அதிகம் சொல்லும்.

கழுத்து டிஸ்க் பிதுங்கினாலும் இதே இடம் மரக்கலாம். அதைப் பிரித்தறிய எளிய வழி: வலது உள்ளங்கையைத் தலை உச்சியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். டிஸ்க் தொல்லையில் அப்படி வைத்தால் பெரும்பாலும் வலி குறையும். தொராசிக் அவுட்லெட்டில் கூடும். கழுத்தைப் பின்னால் சாய்த்து வலப்பக்கம் திருப்பும்போது கைக்குள் மின்சாரம் பாய்கிற வலி வந்தால் மீண்டும் டிஸ்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். கையைத் தூக்கிச் செய்யும் வேலையில் எல்லாம் உங்களுக்கு வருகிறது. டிராக்‌ஷன் போட்டதும் கூடியிருக்கிறது. இரண்டுமே தொராசிக் அவுட்லெட்டின் பக்கம்தான் கை காட்டுகின்றன. காலரையும் டிராக்‌ஷனையும் நிறுத்திவிடுங்கள்.

நம் நாட்டில் இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. முழங்கைக்குப் பின்னால் உள்பக்கம் நரம்பு தடித்து உருண்டு கையில் தட்டுப்படுகிறதா, உடம்பில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொழுநோய் முதலில் பிடிப்பது பல நேரம் அல்னர் நரம்பைத்தான். அரசு மருத்துவமனையில் இலவச மருந்தால் முழுமையாகக் குணமாகும் நோய் அது. சர்க்கரை, பி12, தைராய்டு மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். நுரையீரலின் மேல்நுனியில் வரும் கட்டியும் இதே நரம்புகளை அழுத்தும் என்பதால் மார்பு எக்ஸ்ரே ஒன்று கட்டாயம்.

நாடி நின்றுபோனதைப் பற்றி. அந்தச் சோதனைக்கு ஆட்சன் டெஸ்ட் என்று பெயர். அமெரிக்க அறுவை நிபுணர் ஆட்சனின் பெயரில் 1920களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்தத் தொல்லையும் இல்லாத ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் அந்த நிலையில் நாடி மங்கும், நிற்கவும் செய்யும். நாடி நின்றதா என்பதைவிட, உங்களுக்கு வழக்கமாக வரும் அதே மரமரப்பு அப்போது வந்ததா என்பதுதான் கேள்வி. இதைவிடப் பயனுள்ள சோதனை ரூஸ் டெஸ்ட். கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையைச் செங்குத்தாக மடக்கி, உள்ளங்கை முன்பார்க்க, மூன்று நிமிடம் விரல்களை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அதே விரல்கள் மரத்து, வலது கை மட்டும் தானாகக் கீழே வந்துவிட்டால் சந்தேகம் பலமாகிறது. வெறும் கைவலிக்கு மதிப்பெண் கிடையாது. மூன்று நிமிடம் தூக்கினால் யாருக்கும் வலிக்கும்.

அடுத்து, நரம்பு எவ்வளவு நன்றாகச் செய்தி கடத்துகிறது என்று அளக்கும் நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட். ஏற்கெனவே எடுத்திருந்தால் ரிப்போர்ட்டைப் பாருங்கள். மணிக்கட்டோடு நிறுத்தியிருந்தால் நமக்கு உதவாது. முன்கை உள்பக்கத்துத் தோல் நரம்பை இரண்டு கைகளிலும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மீடியல் ஆன்டிபிரேக்கியல் கியூட்டேனியஸ் நரம்பு என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனால் லேபில் குழப்பம் இருக்காது. நரம்பு வகைக்காரர்கள் பலருக்கு இந்த டெஸ்ட் நார்மலாகவே வரும். அப்படி வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, நரம்பு இன்னும் சேதமாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குக் கூடுதல் எலும்பு இருப்பதால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று அவசியம். காரணம் தமனி வகை. இது இந்த நோயுள்ளவர்களில் நூறில் ஒருவருக்கு வருவதுதான் என்றாலும், வருபவர்களுக்குப் பெரும்பாலும் இந்த மாதிரிக் கூடுதல் எலும்பு இருக்கும். எலும்பு இடிக்கும் இடத்தைத் தாண்டித் தமனி புடைத்து, உள்ளே ரத்தம் உறைந்து, சிறு துணுக்குகளாக விரல்களுக்குப் போய் அடைக்கும். ஒரு விரல் திடீரென்று வெளுத்து ஜில்லிடுவது, நுனியில் கறுத்த புள்ளி அல்லது ஆறாத புண், எழுதும்போது முன்கையில் சதை பிடித்துக்கொண்டு நிறுத்தினதும் விடுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டு கையிலும் பி.பி. பாருங்கள். மேல் அளவு 20க்கு மேல் வித்தியாசப்பட்டால் டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள்.

சிரை வகை வேறு மாதிரி. எடை தூக்குகிறவர்கள், மல்யுத்தம், நீச்சல் பயிற்சி செய்கிறவர்கள், உத்தரத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் என்று கையைத் தூக்கிக் கடுமையாக உழைக்கும் இளவயதினரிடம் அதிகம். கை முழுவதும் ஒரே நாளில் வீங்கி, கனத்து, நீலம் பாரித்து, தோளிலும் மார்பிலும் கொடி கொடியாகச் சிரைகள் புடைத்துத் தெரியும். ரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள். உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. குழாய் விட்டு உறைகட்டியைக் கரைக்கும் சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவுவதில் அந்த நாட்கள் போய்விடுகின்றன. உருவவே கூடாத கை அது. மேலே சொன்ன தமனி அடையாளங்களோ இந்த வீக்கமோ உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ வந்தால் அன்றைக்கே ரத்தநாள அறுவைச் சிகிச்சைத் துறை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் அந்தத் துறை இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் வீக்கமும் இல்லை, நிற மாற்றமும் இல்லை. டாப்ளரும் சரியாக வந்தால் நரம்பு வகை என்று வைத்துக்கொண்டு நடக்கலாம். இப்போது ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது: சாக்பீஸ் நழுவுவது. இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க மேஜைமேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் கட்டை விரலின் அடிச்சதையை ஒப்பிடுங்கள். வலப்பக்கம் மேடு தட்டையாகி, எலும்போரம் குழி விழுந்திருக்கிறதா? பிறகு கட்டை விரலைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி, வேறொருவரை ஒரு விரலால் கீழே அழுத்தச் சொல்லுங்கள். வலது சட்டென்று மடங்குகிறதா? மரப்பது சுண்டு விரல், இளைப்பது கட்டை விரல் அடிச்சதை என்பது இந்த நோயின் தனி அடையாளம். 1970இல் கில்லியட்டும் சம்னரும் இதை விவரித்ததால் அவர்கள் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. சதை இளைத்திருந்தால் உடற்பயிற்சி என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. இளைத்த சதை ஆபரேஷனுக்குப் பிறகும் பெரும்பாலும் திரும்ப நிரம்புவதில்லை. மேலும் போகாமல்தான் தடுக்க முடியும்.

சதை இளைக்கவில்லை என்றால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று மாதம் முறையான பிசியோதெரபி முதலில். அதோடு அன்றாட வேலையை மாற்றிக்கொள்ளாவிட்டால் பிசியோதெரபி தோற்கும். காலையில் இருபது நிமிடம் சரிசெய்ததை வகுப்பில் நாலு பீரியட் கெடுத்துவிடும்.

கரும்பலகையில் மேல் பாதியை விட்டுவிடுங்கள். கண் மட்டத்துக்குக் கீழே எழுதுங்கள், முழங்கை தோளுக்கு மேல் ஏற வேண்டாம். நீளமான கணக்கை மாணவர்களை வந்து எழுதச் சொல்லலாம், அவர்களுக்கும் நல்லது. திருத்த வேண்டிய நோட்டுகளைத் தோள்பையில் போட்டு வலது தோளில் தொங்கவிடாதீர்கள். பட்டை காறை எலும்பை நேராக விலா எலும்பின் மேல் அமுக்கும். பாதிப் பாதியாக மார்போடு அணைத்து எடுத்துப் போங்கள். உள்ளாடையின் தோள்பட்டி மெல்லியதாக இருந்து தோளில் பள்ளம் விழுகிறதென்றால் அகலப் பட்டிக்கு மாறுங்கள். சொல்லத் தயங்குகிற விஷயம், ஆனால் பலருக்குப் பாதி வலி இதிலேயே குறையும். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்காமல் சீட்டின் முதுகைப் பிடியுங்கள். மகளைத் தாழ்ந்த முக்காலியில் உட்கார வைத்துத் தலை பின்னுங்கள். கொடியை மார்பு உயரத்துக்கு இறக்குங்கள். தூங்கும்போது கையைத் தலைக்கு மேலே போடக் கூடாது, வலப்பக்கம் ஒருக்களிக்கவும் கூடாது. மல்லாந்து படுத்து, வலது முன்கைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். தோளின் பாரம் நரம்பை இழுக்காது.

‘நிமிர்ந்து உட்கார், தோளைப் பின்னால் இழு, கீழே இறக்கு’ என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த நோய்க்கு அது எதிர்விளைவு தரும். தோளைப் பின்னால் இழுத்துக் கீழே அமுக்கினால் காறை எலும்பு விலா எலும்போடு இன்னும் நெருங்கும். தோள் சரிந்த உடல்வாகு உள்ளவர்களுக்குத் தோள்பட்டை சற்று மேலே தூக்கினாற்போல் நிற்க வேண்டும். தலை மட்டும் முன்னால் நீட்டாமல் இருந்தால் போதும்.

பயிற்சியில் முதலிடம் மூச்சுக்குத்தான். ஸ்கேலீன் தசைகள் முதல் இரண்டு விலா எலும்புகளைப் பிடித்திருக்கின்றன. மேல்மார்பால் மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு மூச்சிலும் அவை விலா எலும்பைத் தூக்கித் தூக்கித் தடித்துப்போகும். வகுப்பில் சத்தமாகப் பேசுகிற ஆசிரியர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். மல்லாந்து, முழங்காலை மடக்கி, ஒரு கை மார்பில், ஒரு கை வயிற்றில். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். வயிற்றுக் கைதான் எழும்ப வேண்டும், மார்புக் கை அசையக் கூடாது. ஐந்து நிமிடம், காலை மாலை. முதல் இரண்டு வாரம் இது மட்டும் போதும்.

பிறகு கழுத்துத் தசைக்கு: நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் இருக்கையின் விளிம்பைப் பிடித்து, தாடையை லேசாக உள்ளே இழுத்து, தலையை இடப்பக்கம் சாயுங்கள். 20 விநாடி, மூன்று முறை. விரல் சுருசுருக்கத் தொடங்கினால் அந்த அளவு அதிகம், பாதிக்குக் குறையுங்கள். மார்புத் தசைக்கு: வாசல் நிலைச்சட்டத்தில் முன்கையை வைத்து, முழங்கை தோளுக்குச் சற்றுக் கீழே இருக்க, ஒரு எட்டு முன்னால் வைத்து 20 விநாடி, மூன்று முறை. முழங்கையை மேலே ஏற்றினால் நரம்புதான் இழுபடும். தோள்பட்டையைத் தாங்கும் தசைக்கு: சுவரில் கை ஊன்றித் தள்ளி, முழங்கை நேரானதும் மேல்முதுகை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மூன்று விநாடி நில்லுங்கள். பத்து முறை, இரண்டு சுற்று.

நரம்பை வழுக்கவிடும் பயிற்சி ஒன்று உண்டு. அதை பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பாவாடை நாடா மடிப்புக்குள் வழுக்கி ஓடுவது போல நரம்பு அதன் பாதைக்குள் ஓட வேண்டும். இரண்டு முனையையும் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அன்று இரவே கை பழிவாங்கும். தலைக்கு மேல் டம்பெல் தூக்குவது, கையை உயர்த்தி நிற்கும் ஆசனங்கள், கழுத்தில் சொடுக்கு எடுப்பது எல்லாம் மூன்று மாதத்துக்கு வேண்டாம். நரம்பு வலிக்கு பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளை டாக்டர் தரலாம். தூங்கவும் பயிற்சி செய்யவும் அவை உதவும், நெருக்கடியை விலக்காது. தலைசுற்றலும் தூக்கமும் வருமென்பதால் முதல் சில நாள் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள்.

ஆறாவது வாரத்தில், பலகையில் எழுதத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் மரக்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். பத்து நிமிடம் பதினைந்தாகியிருந்தால் பாதை சரி, தொடருங்கள். மூன்று மாதமாகியும் அசைவே இல்லை, அல்லது பிடி தளர்கிறது என்றால் அறுவை நிபுணரிடம் போகலாம். அங்கே ஸ்கேலீன் தசைக்குள் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பதுண்டு. சில மணி நேரம் கை லேசானால் ஆபரேஷனுக்கும் பலன் இருக்க வாய்ப்பு அதிகம்.

கூடுதல் விலா எலும்பை எடுக்கும் ஆபரேஷன் புதிதல்ல. லண்டனில் ஹோம்ஸ் கூட் 1861இலேயே செய்திருக்கிறார். இன்று காறை எலும்புக்கு மேலாகவோ அக்குள் வழியாகவோ போய்க் கூடுதல் எலும்பையும் நார்ப்பட்டையையும் ஸ்கேலீன் தசையையும், பெரும்பாலும் முதல் விலா எலும்பையும் எடுக்கிறார்கள். நுரையீரல் உறையில் காற்று புகுந்து ஓரிரு நாள் குழாய் வைக்க நேரலாம். உதரவிதான நரம்போ கை நரம்போ அடிபடுவது அரிது, ஆனால் பட்டால் பெரிது. தழும்பு இறுகிப் பழைய தொல்லை திரும்புவதும் உண்டு. ஆகவே இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்பவரையே தேடுங்கள். எந்த வழியாகப் போவீர்கள், முதல் விலா எலும்பையும் எடுப்பீர்களா, ஏன், என் எந்த அறிகுறி குறையும், எது குறையாது என்று கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லாதவரிடம் கழுத்தைக் கொடுக்க வேண்டாம்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு இந்த எலும்பு இருப்பதுண்டு. இருந்தாலும், கை மரக்காத பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்துத் தேட வேண்டியதில்லை. எலும்பு இருப்பது தெரிந்தாலும் அதற்காகச் செய்யப்போவது ஒன்றுமில்லை. புத்தகப் பையை ஒரே தோளில் தொங்கவிடாமல் இரண்டு பட்டைகளையும் மாட்டிக்கொள்ளப் பழக்குங்கள். கை மரக்கிறது, எழுதும்போது சோர்கிறது என்று அவளாகச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.